கட்டில்கள் போன அறை

மச்சாள்,

இன்று காலை நடு அறை யன்னலைத் திறந்தேன். கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் அசைந்தது. திறந்ததும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாளைப் புல்லின் மணம் காற்றோடு உள்ளே வந்துவிட்டது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு, அந்த அறைக்குள் இத்தனை காலம் பூச்சியுருண்டை மணத்தை மோந்துகொண்டு திரிந்தோமே, நாங்கள் இரண்டு பேரும் சரியான விசரிகள்தான் என்று நினைத்துச் சிரித்தேன். கூடச் சிரிக்க நீர் இல்லை. அப்போதே உமக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நேரம் இப்போதுதான் கிடைத்தது.

அந்த யன்னலை மறைத்துக்கொண்டு நின்றது மேற்கு வீட்டு அண்ணையின் அலுமாரி. குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனபோது எங்களிடம் வைத்துவிட்டுப் போனது. அதை ஒட்டி உம்முடைய கொழுந்தனின் கட்டில். அதற்கு மேல் இன்னொருவரின் கட்டில், கழற்றி அடுக்கியபடி. பிறகு கதிரைகள், தையல் மெசின், கலியாண வீட்டுக்குச் சோறு காய்ச்சும் கிடாரம். நயினாதீவை விட்டு வெளிக்கிட்ட எங்கள் ஆட்கள் ஒருவரும் தளபாடத்தை விற்றுவிட்டுப் போகவில்லை. விற்றால் இனித் திரும்பமாட்டோம் என்று தங்கள் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயம். அதனால் போகாமல் இருக்கிறவர்களின் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். போகாமல் இருந்தது நாங்கள்.

நீர் ஒருவரையும் ஏலாது என்று திருப்பி அனுப்பியதில்லை. வாசலில் வண்டில் வந்து நின்றால், நான் குசினிக்குள் சட்டி பானையைப் போட்டு உடைக்காத குறையாக முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். நீர் கொய்யகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போய், எந்தச் சுவரோடு வைக்கலாம் என்று வழி காட்டுவீர். வெள்ளிக்கிழமை தலை தோய்ந்து, விளக்கு வைக்கமுன் ஊராரின் அலுமாரி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைப்பீர். எங்கள் வீட்டு மேசையில் தூசி படிந்திருக்கும், அது வேறு கதை. ஏன் இந்தக் கஷ்டம் என்று கேட்டால் உமக்கு ஒரே மறுமொழிதான்.

"அவை வந்து கேட்டா நான் என்னெண்டு முகத்தைப் பாக்கிறது?"

அவை ஒருவரும் வரவில்லை. நீரும் நானும் விறாந்தையில் படுத்தோம். மாரியில் தூவானம் அடிக்கும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டியிருந்து விடியும்வரை ஊர்க்கதை பேசினோம். எந்தக் கட்டில் காலிலாவது இடித்து என் முழங்காலில் எப்போதும் ஒரு கண்டல் இருக்கும். இருந்தாலும் அந்தக் கதைகளுக்காக இன்னொரு மாரி வந்தாலும் படுக்கலாம், மச்சாள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

என்னால் பொறுக்க முடியாமல் போனது உம்முடைய மகள் வதனி வந்தபோதுதான். லண்டனிலிருந்து புருசன் பிள்ளைகளோடு அம்மன் திருவிழாவுக்கு வந்தாள். வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள். "எங்கையம்மா படுக்கிறது?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து, காலையில் பஸ்ஸில் குறிகட்டுவான் வந்து, படகேறி உம்மைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் கடைசிப் படகில் திரும்பினாள். நின்ற நாள் எல்லாம் அப்படியே. அவளை ஏற்றிவிட்டு வந்த ஒரு நாள், நீர் கொழுந்தனின் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு சொன்னீர்:

"வீடு நிறையக் கட்டில் கிடக்கு. என்ரை பிள்ளைக்குப் படுக்க இடமில்லை."

வருகிறவர்களுக்காகக் கட்டிலைக் காத்து வைத்து, வந்த பிள்ளையைப் படுக்க வைக்க முடியாமல் அனுப்பிய தாய் இந்த உலகத்தில் வேறு எங்காவது இருப்பாளா தெரியாது. இனியாவது மாறுவீர் என்று பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பழையபடி துணியோடு நின்றீர். அன்றைக்கு உம்மேல் வந்த கோபம் எனக்கு வாழ்நாளில் வேறு யார்மேலும் வந்ததில்லை. உம்முடைய செத்தவீட்டுக்கு வந்தபோதும் அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்தில்தான் போய்ப் படுத்தாள். தாய் வீட்டில் அவள் ஒரு நித்திரையாவது கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன்.

நீர் போன பிறகு எனக்கு அந்தச் சாமான்களுக்கு நடுவில் மூச்சு முட்டத் தொடங்கியது. பிரஷரும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை, "அம்மா, வீட்டிலை என்ன யோசனை?" என்று கேட்டா. யோசனை ஒன்றும் இல்லை, அலுமாரிதான் என்றேன். அவ குளிசையைக் கூட்டி எழுதித் தந்தா.

வதனியிடம் போனில் சொன்னேன். வீட்டை ஒதுக்கினால் மனமும் ஒதுங்கும் என்று அங்கே எல்லாரும் சொல்கிறார்களாம். வருஷக்கணக்காகத் தொடாத சாமானை வைத்திருக்கக் கூடாதாம். பிள்ளை, இங்கே வெள்ளிக்கு வெள்ளி தொட்டுத் துடைக்கிறோம், பாவிக்கிறதுதான் இல்லை, இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உம்முடைய சிரிப்பு அப்படியே.

ஆனாலும் கேட்காமல் கொடுக்க எனக்கும் துணிவு வரவில்லை. மேற்கு வீட்டு அண்ணைக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். அலுமாரியை என்ன செய்ய என்று பயந்து பயந்துதான் கேட்டேன். இனி நீங்கள் வர வேண்டாம் என்று சொல்வது போல அவருக்குப் பட்டுவிட்டால்?

"அது இன்னும் கிடக்கோ தங்கச்சி? ஆருக்கும் குடுத்துவிடும். நாங்கள் வந்தா அலுமாரியைப் பாக்கவே வரப்போறம்? உங்களைப் பாக்கத்தானே" என்றார்.

நீர் இருக்கும்போதே கேட்டிருக்கலாம். நீர் விட்டிருக்கமாட்டீர். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்காக எடுத்தேன். சிலருக்குச் சாமான் ஞாபகமே இல்லை. உம்முடைய கொழுந்தன் மட்டும் அந்தக் கட்டிலில்தான் தன் மகன் பிறந்தவன் என்று சொல்லி அழுதார். அழுது முடித்து, புங்குடுதீவில் புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு பெடிச்சிக்குக் கொடுக்கச் சொன்னார். கிடாரம் மடத்துக்குப் போனது. கதிரைகள் பாலர் பாடசாலைக்கு. அலுமாரி நேற்றுத்தான் வள்ளம் ஏறியது. அந்தக் காலத்தில் இதைத் தீவுக்குக் கொண்டுவந்து இறக்கினதும் நான், ஏற்றுகிறதும் நானோ என்று வள்ளக்கார அண்ணை தலையில் கை வைத்தார்.

எல்லாம் போன பிறகு பார்த்தால், உம்முடையது என்று சொல்ல இந்த வீட்டில் ஒரு தகரப் பெட்டிதான் மிஞ்சியது. அதற்குள் நாலு சீலை, திருநீற்றுக் குடுவை, வதனியின் சின்ன வயதுச் சட்டை ஒன்று. ஊர்ச் சாமானுக்கெல்லாம் இடம் கொடுத்த நீர் உமக்கென்று பிடித்த இடம் அவ்வளவுதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நல்லாய் அழுதேன். பிறகு எழும்பி அறையைக் கழுவினேன். வெறும் நிலத்தில் கால் நீட்டி இருந்தபோது, நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

வதனி இன்றைக்குத் தனியாக வந்தாள். நேற்றே வந்து இறங்கி, வழமைபோல யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துவிட்டாள். கடைசிப் படகில் போகிறேன் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டாள். சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டேன். கை கழுவிவிட்டு நடு அறைக்குள் போனாள். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

"மாமி, இந்த அறை இவ்வளவு பெரிசே? கொஞ்சம் சாயட்டே?" என்றாள்.

யன்னலுக்குக் கீழே பாயை விரித்தேன். நான் தலையணை எடுத்துக்கொண்டு வரமுன் கையை மடித்து வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டாள். நீர் படுக்கிற மாதிரி ஒருக்களித்து.

பின்னேரம் ஆகியது. எழுப்புவோமா என்று இரண்டு தரம் அறைக்குள் போனேன். நீர் என்றால் எழுப்பியிருக்கமாட்டீர். நானும் வாசற்படியில் வந்து இருந்துவிட்டேன். படகு ஊதிய சத்தம் கேட்டது. போய்விட்டது. உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒருவரையும் எழும்பிப் போ என்று சொல்லத் தெரியாத அந்த மனம்தான் போலிருக்கிறது. அதை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கிற யோசனை எனக்கு இல்லை.

கொஞ்சத்தில் அவளுடைய போன் அடித்தது. அவள் எழும்பிவிடுவாள் என்று ஓடிப்போய் எடுத்தேன். உம்முடைய மருமகன். வதனி இன்னும் படகேறவில்லையா, ஒருக்கால் அவளிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"ஏலாது தம்பி" என்றேன். "பிள்ளை தாய் வீட்டிலை நித்திரை."