இரண்டு கறுப்புக் காகிதங்களுக்கு நடுவே

டீச்சரம்மா,

இன்று காலை ஒரு பிலிம் ரோலைக் கழுவி முடித்துவிட்டு, அதோடு சுற்றி வந்த கறுப்புக் காகிதத்தைக் குப்பைக் கூடையில் போடப் போனேன். கை போகவில்லை. உங்களுக்கு வேண்டியிருக்குமே என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். உங்கள் காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் என் மேசை இழுப்பறையில் அந்தக் காகிதங்கள் மடிந்து மடிந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் கேட்டால், படங்களுக்கு நடுவில் வைக்க உதவும் என்று சொல்கிறேன்.

ஊரில் எனக்கு இருந்த பெயர் உங்களுக்குத் தெரியும். எழவு போட்டோக்காரர். கல்யாணங்களுக்கும் போகத்தான் செய்தேன். ஆனால் இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் சொந்தங்களை நிறுத்தி எடுப்பதில் எனக்குக் கை கூடியிருந்தது. மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் வாசலுக்கு வந்து, யார் வீட்டுக்குப் போகிறேன் என்று எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் உள்ளே ஓடிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பீர்கள், சுளியுங்கள்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி வந்தவன்தான் நான். உங்கள் ஒரே மகன் மூன்று வயதில் காய்ச்சலில் போன அன்று, உங்கள் வீட்டுக்காரர் லாரியைத் திருப்பத்தூரில் அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். அவர்தான் எனக்கு ஆள் அனுப்பினார். பிள்ளை உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்கவில்லை. காளையார்கோவிலில் முடி இறக்கிய பிறகு எடுக்கலாம் என்று இருந்தீர்களாம். சின்னப் பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொல்லியும் வைத்திருந்தார்கள். உங்கள் மடியில் வைத்து, ஒரே கண்ணாடிப் பிளேட்டில் இருவரையும் எடுத்தேன். வெளியே வந்தபோது உங்கள் வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்து, "பிள்ளையை மட்டும் தனியாப் போட்டுக் குடுங்கண்ணே. கண்ணைத் தொறந்த மாதிரி போட்டுருங்க. மூடுன கண்ணை அவளால பாக்க முடியாது" என்றார்.

அது எனக்குப் புதிய வேலை இல்லை. பிரிண்டின் மேல் மெல்லிய தூரிகையால் இமையை மறைத்து விழி வரைவோம். டச்சிங் என்போம். எத்தனையோ வீடுகளில் வரைந்து கொடுத்திருக்கிறேன். உயிரோடு இருப்பது போலவே இருக்கிறது என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கும் வரைந்தேன். சட்டம் போட்டு வாங்கிப் போனார். அத்தோடு மறந்தும் போனேன்.

நாலு வருஷம் கழித்து நீங்களே ஸ்டுடியோ படி ஏறி வந்தீர்கள். அதற்குள் பால்வாடி டீச்சராகி இருந்தீர்கள். "பிள்ளைக விளையாடுறதை எடுக்கணும்ணே. வரிசையா நிக்க வச்சு இல்ல. அதுக பாட்டுக்கு விளையாடும்போது" என்றீர்கள். ஓடுகிற பிள்ளையை எடுத்தால் புகையாகத்தான் விழும், எனக்குப் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "யூனியன் ஆபீஸ்ல மாட்டக் கேட்டுருக்காக" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டீர்கள்.

பால்வாடி அப்போது ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் நடந்தது. வீட்டுக்காரர்கள் மெட்ராஸுக்குப் போய்விட, சும்மா கிடப்பதற்கு நாலு பிள்ளைகள் விளையாடட்டும் என்று அந்த வீட்டு ஆச்சி கொடுத்த இடம். வானம் பார்த்த முற்றம். அங்கே விழுந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் ஊறியது. ஆனால் ஸ்டாண்டோடும் கறுப்புத் துணியோடும் என்னைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் அலறிக்கொண்டு உங்கள் சேலைக்குள் புகுந்துவிட்டன. மீதி, கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு விறைத்து நின்றன. படம் என்றால் அசையக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னது? என்னைப் பார்த்துப் பழகிய ஊர்தானே.

"அந்த ஸ்டாண்டை அங்குட்டு வைங்க. துணியும் வேணாம். சின்னப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க. எடுக்கவே செய்யாதீக" என்றீர்கள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "அதுக உங்களை மறக்குற வரைக்கும்" என்றீர்கள். குனிந்து மேலிருந்து பார்க்கும் இரட்டைக் கண்ணாடிக் கேமராப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு தூணடியில் உட்கார்ந்தேன். தொழில் கெட்டது என்று மனசுக்குள் உங்களைத் திட்டினேன்.

பிள்ளைகள் மறந்துதான் போனார்கள். கொட்டாங்கச்சியில் மண் சோறு வெந்தது. கொத்தனார் மகன் ஒருவன் ஈர மண்ணை உள்ளங்கையில் எடுத்துத் தூணுக்குப் பூசிவிட்டு, அப்பனைப் போலவே ஒரு கண்ணை இடுக்கி மட்டம் பார்த்தான். சட்டை வாலைப் பிடித்துக்கொண்டு ஓடிய ரயிலுக்கு என் முதுகு ஒரு ஸ்டேஷன் ஆனது. ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, முதுகில் குத்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு போயின. வள்ளி என்ற பெண், நாலு வயது இருக்கும், மர அகப்பையைத் துணியில் சுற்றிக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். சோப்பு கண்ணில் பட்டுவிட்டதாம். அகப்பையைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். நான் குனிந்தபடியே எடுத்தேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் கண்ணாடியில் இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் அசைந்து நான் அதுவரை பார்த்ததில்லை, டீச்சரம்மா. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

படங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். கை கால் எல்லாம் கலங்கி, முகம் மட்டும் நின்று சிரிக்கும் படங்கள். நீங்கள் ரயிலையும் பார்க்கவில்லை, அகப்பையையும் பார்க்கவில்லை. ரோலில் வந்த கறுப்புக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு துண்டாகக் கிழித்தீர்கள். ஒரு துண்டைப் பிள்ளையின் நெற்றிமேல் வைத்தீர்கள். இன்னொன்றை மூக்குக்குக் கீழே வைத்தீர்கள். நடுவே கண் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு முகத்துக்கும் அப்படியே வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டே போனீர்கள்.

"கண்ணு தெளிவா விழுந்திருக்கான்னு பாக்குறேன்" என்றீர்கள். ஆபீஸ்காரர்கள் அப்படிக் கேட்கிறார்கள் போல என்று நானும் நம்பினேன். அடுத்த ரோலுக்கும் அப்படித்தான், அதற்கு அடுத்ததற்கும் அப்படித்தான். ஒரு தடவை வள்ளி படத்தின் மேல் காகிதத்தை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஆயா வந்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தீர்கள்.

பிறகு ஒரு சாயந்திரம் வள்ளியின் அம்மா வேலை முடிந்து ஸ்டுடியோவுக்கு வந்தாள். சித்தாள் வேலை பார்ப்பவள், கையில் சுண்ணாம்பு காயவில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். "டீச்சரம்மா நல்லவுகதாண்ணே. ஆனா எம் மக கண்ணையே பாத்துக்கிட்டு இருக்காக. சோறு ஊட்டும்போதும் அதைத்தான் பாக்குறாக. புள்ள சிரிச்சா, சிரிக்காதேங்குறாகளாம், கண்ணு சுருங்குதாம். எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இல்லாட்டி நான் அனுப்ப மாட்டேன்" என்றாள். வேலைக்குப் போகிற இடத்தில் மணல் மேட்டில் போட்டுவைப்பதற்குப் பால்வாடி எவ்வளவோ மேல் என்று அவளுக்குத் தெரியும். அப்படியும் சொன்னாள்.

நான் வந்து சொல்வதற்கு முன்னால் நீங்களே வந்துவிட்டீர்கள். துண்டில் சுற்றி ஒரு சட்டம் போட்ட படம் கையில் இருந்தது. மேசையில் வைத்துப் பிரித்தபோது உங்கள் மகன் என்னைப் பார்த்தான். நான் வரைந்த கண்தான். பக்கத்தில் வள்ளியின் படத்தை வைத்து, இரண்டு கறுப்புத் துண்டையும் வைத்தீர்கள்.

"எம் பிள்ளைக்கு இந்தக் கண்ணுதாண்ணே. இதே கண்ணு. இதை இதுல வச்சுருங்க" என்றீர்கள்.

யூனியன் ஆபீஸில் யாரும் எதையும் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்கிறவர்களை நான் கேலி செய்கிறவன், கேலி செய்யாவிட்டால் என் பிழைப்பு என்ன ஆவது? ஆனால் அந்த நேரத்தில் என் கை மேசைக்குக் கீழே போய்விட்டது. "உசுரோட இருக்குற பிள்ளை கண்ணு, டீச்சரம்மா. அதை எடுத்து இங்குட்டு வைக்க என்னால ஆகாது. என்னை விட்டுருங்க" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "அப்ப இதுல வச்சிருக்கது யாரு கண்ணு?" என்று கேட்டீர்கள்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். "உங்க பிள்ளையை நான் உசுரோட பாத்ததில்ல. அதே பிளேட்டுல நீங்க இருந்தீக. உங்க கண்ணைப் பாத்துத்தான் வரைஞ்சேன். தாயும் பிள்ளையும் ஒரே சாடை இருக்கும்னு" என்றேன்.

படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அதான். அழுத கண்ணு. நாலு வருசமா எம் பிள்ளை சுவத்துல அழுதுக்கிட்டே இருக்காண்ணே. நான் தண்ணி தூக்குனாலும் பாக்குறான், உலை வச்சாலும் பாக்குறான். ஏன்டா அழுகுறன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். அவன் கண்ணு எப்படி இருக்கும்கிறதே எனக்கு மறந்துபோச்சு. இதுதான் நெனப்புல வருது."

நீங்கள் வள்ளியின் படத்தை எடுத்து என் பக்கம் தள்ளினீர்கள். சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கண்ணை மூடிருங்கண்ணே. அவன் தூங்கட்டும்" என்றீர்கள்.

பிளேட்டில் அவன் கண் மூடித்தான் இருந்தது. நான் வரைந்ததெல்லாம் பிரிண்டின் மேல் மட்டுமே. ஒன்றும் செய்யாமல், ஒரு தூரிகைகூடத் தொடாமல், இருந்தபடியே ஒரு பிரிண்ட் போட்டேன். அந்தப் பிளேட்டிலிருந்து அப்படி ஒன்றை நான் போட்டதே இல்லை.

மறுநாள் மத்தியானம் பால்வாடிக்குக் கொண்டுவந்தேன். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் உள்ளே இல்லை. "பிள்ளைக தூங்குனா டீச்சரம்மா உள்ள இருக்க மாட்டாக. கெணத்தடிக்குப் போயிருவாக, ஏதாச்சும் தேச்சுக்கிட்டு இருப்பாக. வந்த நாள்ல இருந்து அப்படித்தான்" என்று ஆயா சொன்னாள். அங்கே வந்து கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினீர்கள். பார்த்தீர்கள். அழுவீர்கள் என்று பயந்து நான் துளசி மாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள்.

பின்னாலேயே வந்தேன். பாய்களுக்கு நடுவே, வள்ளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். படம் மடியில் இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள், கறுப்புக் காகிதம் இல்லாமல். "இப்படித்தான் தூங்குவான். வாயை லேசாத் தொறந்துக்கிட்டு" என்றீர்கள். தூங்குகிற பிள்ளைகளைக் காட்டி, "இதையும் எடுங்கண்ணே. நெதம் இதுகளுக்கு இந்தத் தூக்கமும் உண்டுல்ல" என்றீர்கள்.

பெட்டியைக் குனிந்து பார்த்தேன். வரிசையாக மூடிய கண்கள். என் கண்ணாடியில் மூடிய கண் தெரிந்ததெல்லாம் எழவு வீட்டில்தான். அழுத்த முடியவில்லை. கண்ணை விட்டு வயிற்றைப் பார்த்தேன். கொத்தனார் மகன் வயிறு ஏறி இறங்கியது. அடுத்தவன் வயிறு ஏறியது. வள்ளி முழங்காலை மடக்கிக் குப்புறக் கிடந்தாள், ஒன்றும் தெரியவில்லை. காத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "பயப்படாதீக. நான் பாத்துட்டேன். எல்லாம் மூச்சு விடுது" என்றீர்கள். அப்புறம்தான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் நீங்கள் கிணற்றடிக்குப் போகவில்லை என்று ஆயா சொன்னாள். வள்ளி தொடர்ந்து வந்தாள். சிரிக்கும்போது யாரும் அவளைத் தடுக்கவில்லை, அவள் அம்மாவே ஒரு நாள் வழியில் நின்று சொன்னாள். பிறகு பள்ளிக்கூடம் போனாள். பாவாடை தரையில் புரள ஸ்டுடியோ வாசலில் ஓடுவாள். நான் அதற்கப்புறம் யாருக்கும் கண் வரையவில்லை. மாட்டேன் என்றால் ஊரில் கோபித்துக்கொண்டார்கள், பாதி ஜனம் வேறு ஸ்டுடியோவுக்குப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று ஒட்டிக்கொண்டது, டீச்சரம்மா. வீட்டில் யார் தூங்கினாலும் நான் தாண்டிப் போக முடிவதில்லை. என் பிள்ளைகள், மனைவி, விருந்துக்கு வந்த மச்சினன், யாரானாலும் நின்று வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். மனைவி விழித்துக்கொண்டு, ஏன் இப்படிப் பூதம் மாதிரி நிற்கிறீர்கள் என்று சத்தம் போடுகிறாள். அவளுக்கு என்னவென்று சொல்வது? நீங்களும் நெடுநேரம் இப்படி நின்றிருப்பீர்கள், அந்தக் காய்ச்சல் நாட்களில்.

போன மாதம் உங்கள் வீட்டுக்காரரே நேரில் வந்தார். "அவளை எடுக்கணும்ணே" என்றார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் தெருவுக்குள் வந்தேன். யார் வீட்டுக்கு என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உங்களை நாற்காலியில் சாய்த்திருந்தார்கள். தலைக்கு மேல் சுவரில் உங்கள் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தேன். கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தீர்கள். முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றுப் பக்கம் சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ, "போகஸ் பாக்குறாக, பேசாம இருங்க" என்றார்கள். எல்லோரும் அடங்கிவிட்டார்கள். நான் துணியை எடுக்கவில்லை. மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் கடுத்தது. நின்றேன்.

அசையவில்லை, டீச்சரம்மா. அப்புறம்தான் எடுத்தேன்.