வான் வைத்திருப்பவன் முன்னுக்கு விளையாடுவான்

1996 மே 12, ஞாயிறு

மூன்று கோடைகாலமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனியும் திறக்காவிட்டால் நெஞ்சுவலிதான் வரும்.

இன்றும் தோல்வி. நான்குக்குப் பூச்சியம். இரண்டாம் பாதியில் எதிரணியின் கோல் காப்பாளர் கம்பத்தில் சாய்ந்து நின்று வாழைப்பழம் சாப்பிட்டார். அவரில் பிழை இல்லை. எங்கள் முன்வரிசை அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை.

அந்த முன்வரிசையை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். வலப்பக்கம், கழகத் தலைவர் அலெக்ஸாண்டர் அண்ணையின் மருமகன். அவரிடம் வீடியோ கமரா இருக்கிறது; படம் பிடிப்பது மனைவி. காலுக்குப் பந்து வந்தால் முதலில் கமரா தன் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பந்தைப் பார்ப்பார். அதற்குள் பந்து போய்விடும். இடப்பக்கம் சீமோன். அஜின்கோர்ட் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இடைவேளைக்கு மட்டன் ரோல்ஸ் அவருடைய உபயம். கொஞ்ச நேரம் ஓடுவார். பிறகு ரோல்ஸ் பெட்டியில் வெயில் படுகிறதா என்ற கவலை வந்துவிடும். நடுவில் லெஸ்லி. என் மனைவி றெஜினாவின் தம்பி. நாற்பது தாண்டியவன். ஊரில் அவன் விளையாடியது கரம், அதுவும் பலகைக்கு முன்னால் இருந்தபடி. ஆனால் லெஸ்லியிடம் வான் இருக்கிறது. பாதி அணி அதில்தான் மைதானத்துக்கு வருகிறது.

கமரா, ரோல்ஸ், வான். எங்கள் தாக்குதல் இவ்வளவுதான்.

விளையாடத் தெரிந்த பெடியள் எல்லோரும் பின்னுக்கு நிற்கிறார்கள், அவர்களிடம் வாகனம் இல்லாதபடியால். வினோதன் என்று ஒருவன். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான். பந்து அவன் காலை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே ஓடும். பஸ்ஸில் வருகிறான். ஆகவே கரையில் இருக்கிறான்.

லீக்கில் எட்டுக் கழகங்கள். இந்த வருடம் புதிய விதி: கடைசியாக வரும் கழகத்துக்கு அடுத்த வருடம் இடமில்லை. எங்கள் கழகத்துக்கு வேறு பெயர் கிடையாது, ஊரின் பெயர்தான். போன ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து சனம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு அந்தப் பெயரை எங்கேயாவது எழுதுகிறார்கள் என்றால் அது லீக்கின் புள்ளி அட்டவணையில் மட்டும்தான். அதிலும் கடைசி வரியில்.

கழகம் போனால் எனக்கு என்ன போகும்? ஞாயிற்றுக்கிழமை போகும். கிழமை முழுவதும் தொழிற்சாலையில் கார் ஆசனங்களின் தையலைச் சரிபார்க்கிறேன். பதினாறு வருடம் உயர்தர வகுப்புக்குத் தூய கணிதம் படிப்பித்த கண் இது. என்னை 'மாஸ்ரர்' என்று கூப்பிடுவதற்கு இந்த நாட்டில் ஆட்கள் இருப்பது அந்த மைதானத்தின் கரையில் மட்டும்.

பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். கடைகளில் சும்மா கிடைக்கும் அந்தப் பத்திரிகையை எங்கள் சனம் ஒரு வரி விடாமல் வாசிக்கும்.

மே 13, திங்கள்

றெஜினாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. "என்ர தம்பியைப் பற்றிப் பேப்பரில எழுதுங்கோ. பிறகு சாப்பாட்டையும் பேப்பர்காரரிட்டையே கேளுங்கோ."

மே 19, ஞாயிறு

பூச்சியத்துக்குப் பூச்சியம். இந்த வருடத்தின் முதல் புள்ளி. கலியாண வீடு மாதிரிக் கொண்டாடினார்கள். லெஸ்லியைத் தோளில் தூக்கினார்கள். எதற்கு? பந்து இரண்டுமுறை அவன் முதுகில் பட்டது. அதைத் தவிர அவனுக்கும் இன்றைய ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

மே 20, திங்கள் — விடுமுறை

நகருக்கு வெளியே, விட்பியில், லெஸ்லியின் புது வீட்டில் இறைச்சி வாட்டினார்கள். எனக்கு நான்கு வருடம் பிந்தி இந்த நாட்டுக்கு வந்தவன், எனக்கு முன் வீடு வாங்கிவிட்டான். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

வேலியோரம் அலெக்ஸாண்டர் அண்ணையைப் பிடித்தேன். லெஸ்லியைக் கரையில் இருத்தி வினோதனை நடுவில் விடுங்கோ, ஒரே ஒரு ஆட்டம், என்று கேட்டேன். அண்ணை கோழிக்காலைக் கடித்தபடி யோசித்தார்.

"உவனை நிப்பாட்டினா வான் ஆர் தாறது, மாஸ்ரர்? உம்மட கொரோலாக் காரில பதினொரு பேரை அடுக்கப்போறீரோ?"

அடுக்கலாம் என்றேன். இது வெறும் ஒழுங்கமைப்புப் பிரச்சினை. நான் படித்தவன்.

ஜூன் 2, ஞாயிறு

இரண்டுக்குப் பூச்சியம். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மூன்றுக்குப் பூச்சியம். கமராக்கார மருமகன் விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தார். காயமா என்று ஓடிப்போய்ப் பார்த்தோம். கமராவுக்கு நல்ல கோணமாம்.

பத்திரிகைக்கான கடிதம் நான்கு பக்கம் ஆகிவிட்டது. கழகம் தொடங்கியபோது யாப்பை, அதன் சட்டதிட்டம் முழுவதையும், எழுதிக் கொடுத்தவன் நான். தொடக்கவிழா நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரனுக்கும் நன்றி சொன்னார்கள். என் பெயர் விடுபட்டது. முன்வரிசைக்கும் இதற்கும் தொடர்பில்லைதான். என்றாலும் ஒரு பந்தி சேர்த்திருக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

அலெக்ஸாண்டர் அண்ணை ரெலிபோன் எடுத்தார். வருகிற ஞாயிறு வினோதன் நடுவில். ஆட்களைக் கொண்டுவருவது என் பொறுப்பு. லெஸ்லிக்கு அவரே சொல்லிவிட்டாராம். லெஸ்லி "சரி" என்று மட்டும் சொன்னானாம்.

இந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

திட்டம் இதுதான். கொரோலாவில் இரண்டு நடை, மிச்சப்பேர் லோறன்ஸ் தெருப் பஸ்ஸில். வரைபடம் கீறிப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். ஞாயிறு காலையில் பஸ் எவ்வளவு அரிதாக வரும் என்பதை வரைபடத்தில் காட்ட முடியாது.

நடுவர் ஊதியபோது எங்களிடம் எட்டுப் பேர். இருந்தும் வினோதன்... எப்படி எழுதுவது? நடுவட்டத்துக்கு அப்பால் பந்தை எடுத்தான், ஒருவனை விட்டான், இன்னொருவனை விட்டான், கோல் காப்பாளரைக் கீழே இருத்திவிட்டு உள்ளே தட்டினான். இந்த வருடத்தின் முதல் கோல். கரையில் நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. யாரோ ஒரு பெண்மணியைக் கட்டிப்பிடித்ததாகச் சொல்கிறார்கள்.

பிறகுதான் அலெக்ஸாண்டர் அண்ணை கேட்டார்: "மாஸ்ரர், எங்கட கோல் கீப்பர் எங்கை?"

முதல் நடையில் யாரை ஏற்றினேன்? முன்வரிசையை. மூன்று வருடமாக முன்வரிசையையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? கோல் காப்பாளர் பஸ்ஸில். அவர் வந்து சேர்ந்தபோது ஐந்துக்கு ஒன்று. கையுறை போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார். நடுவர் ஆட்டம் முடிந்தது என்று ஊதினார்.

ஜூன் 24, திங்கள்

புட்டு. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஜூன் 27, வியாழன்

புட்டு.

ஜூன் 30, ஞாயிறு

லெஸ்லி வரவில்லை. வான் வரவில்லை. லெஸ்லி வராதபடியால் அவன் கூட்டாளி சீமோனும் வரவில்லை, ரோல்ஸும் இல்லை. பசியோடு விளையாடித் தோற்றோம். பெடியள் என்னைப் பார்த்த பார்வை! கோல் அடிக்காத முன்வரிசையை மன்னிப்பார்கள். ரோல்ஸை நிறுத்தியவனை மன்னிக்கமாட்டார்கள்.

வினோதனும் இல்லை. மேல்வரிசையில் இருக்கும் கழகம் ஒன்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவனே ரெலிபோனில் சொன்னான், குரலில் கொஞ்சம் வெட்கத்தோடு: "குறை நினையாதேங்கோ அங்கிள். அந்தக் கழகக்காரர் எனக்கு வீட்டு வாசலுக்கு வான் அனுப்பினம்."

ஜூலை 7, ஞாயிறு

தோல்வி. அலெக்ஸாண்டர் அண்ணை என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார். மிச்சம் ஒரே ஒரு ஆட்டம், ஆகஸ்டில், ஏழாவது இடத்தில் இருப்பவர்களோடு. வென்றால் அவர்கள் போவார்கள், நாங்கள் இருப்போம். அதற்கு வான் வேண்டும். "உடைச்சவர்தான் ஒட்டவேணும்," என்றார்.

நானா உடைத்தேன்? இந்தக் கழகத்துக்காக வாயைத் திறந்தவன் நான் ஒருவன்! இல்லை. போகமாட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

போனேன். றெஜினாவும் காரில் வந்தாள். மடியில் மாம்பழப் பெட்டி.

லெஸ்லி புல் வெட்டிக்கொண்டிருந்தான். மெசினை நிறுத்தாமல் ஒரு சுற்று வெட்டி முடித்துவிட்டுத்தான் வந்தான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசி ஆட்டம் முக்கியமானது என்று மட்டும் சொன்னேன். அவன் கையில் ஒட்டிய புல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"அத்தான், எனக்குக் கோல் அடிக்கத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாதோ? ஆனா வானைக் கொண்டுவந்து விட்டிட்டுக் கரையில நிண்டன் எண்டா, நான் வெறும் டிரைவர்தானே. கிழமை முழுக்க நான் அதுதானே செய்யிறன்."

அவன் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்குகிறவன். அது எனக்குத் தெரிந்ததுதான். இப்படி யோசித்ததில்லை.

தந்த தேத்தண்ணீரைக் குடித்தேன். சீனி அதிகம்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். சீமோனுக்கும் சொல்வானாம்.

ஜூலை 15, திங்கள்

கோழிக்கறி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

எல்லோரும் வந்தார்கள். கமரா, ரோல்ஸ், வான். பின்வரிசைப் பெடியள் உயிரைக் கொடுத்து விளையாடினார்கள். பூச்சியத்துக்குப் பூச்சியம். ஆனால் சமநிலை போதாது, வெல்லவேண்டும். முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது சீமோனுக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. மாற்று ஆட்டக்காரர் யாருமில்லை. அவர்கள் எல்லோரும் ஜூலையிலேயே வேறு கழகம் பார்த்துவிட்டார்கள். அலெக்ஸாண்டர் அண்ணை கரையை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்ரர், இறங்கும்."

நாற்பத்தெட்டு வயது. கண்ணாடி. சீமோனின் சப்பாத்து, இரண்டு அளவு பெரிது. ஆட்டக்காரர் பட்டியலில் என் பெயர் உண்டு. யாப்பு எழுதியபோது நானே போட்டுக்கொண்டது. இறங்கினேன். மூன்று வருடமாகக் கரையில் நின்று சொன்னதை — அகலமாக நில், இடம் பார்த்து ஓடு — இப்போது நானே செய்தேன். இரண்டு ஓட்டத்தில் மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது.

அப்போது லெஸ்லி பந்தோடு வந்தான். வழமையாக அங்கிருந்தே கண்ணை மூடிக்கொண்டு உதைப்பான். இன்று நிமிர்ந்து பார்த்தான். என்னைக் கண்டான். தந்தான். அளவாக, நிலத்தோடு, காலடிக்கு. கோல் காப்பாளர் மற்றப் பக்கம் விழுந்து கிடந்தார். என் முன்னால் கம்பங்கள், அவற்றுக்கு நடுவில் வெறும் வலை. பிள்ளை தள்ளுவண்டியில் இருந்தபடியே அடிக்கலாம்.

கோணத்தைக் கணித்தேன்.

கணிக்காமல் உதைத்திருக்கவேண்டும். கணித்து முடிந்தபோது உதைத்தேன். பந்து வெளியால் போனது. சப்பாத்தும் போனது. சப்பாத்துத்தான் கம்பத்துக்குக் கிட்டப் போனது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். புல்லில் அப்படியே குந்திவிட்டேன், எழும்ப மனம் வரவில்லை. லெஸ்லி போய்ச் சப்பாத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். "பரவாயில்லை அத்தான். நான்தான் கொஞ்சம் கெதியாத் தந்திட்டன்." அவன் கெதியாகத் தரவில்லை. அவன் தந்தது நான் கண்ட பந்துகளிலேயே நல்ல பந்து. இந்தப் பெருந்தன்மையை நான் கேட்கவில்லை. இதையும் அவன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

எட்டாவது இடம்.

ஆகஸ்ட் 21, புதன்

அந்த வீடியோ மூன்று வீடுகளில் போட்டுப் பார்த்தாயிற்றாம். மருமகனின் மனைவி முதல்முறையாகக் கணவனை விட்டு வேறொருவரைத் தெளிவாகப் பிடித்திருக்கிறார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மைதானம் இல்லாத முதல் ஞாயிறு. காலையில் எழும்பி, உடுப்பு மாற்றி, கார்த் திறப்புக் கோர்வையையும் எடுத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. திறப்பை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

லீக் செயற்குழு புரட்டாசியில் கூடுகிறது. விதியை ஒரு வருடம் தள்ளிவைப்பதா என்றும் பேசுவார்களாம். எங்களுக்காக அல்ல, காலியாகும் இடத்துக்குக் காத்திருக்கும் மற்ற ஊர்க் கழகங்கள் தங்களுக்குள் சண்டை பிடிப்பதால். எங்களுக்காகக் கேட்க யாருமில்லை. அலெக்ஸாண்டர் அண்ணை கேட்கமாட்டார். தோற்ற பிறகு கேட்பது அழகில்லை என்கிறார்.

பத்திரிகைக்கு எழுதத் தொடங்கிய பழைய கடிதத்தை எடுத்தேன். அந்தப் பத்திரிகையைச் செயற்குழுவும் வாசிக்கும். ஆறு பக்கம் வளர்ந்திருந்தது. கமரா, ரோல்ஸ், வான் மூன்றையும் வெட்டினேன். நன்றியுரைப் பந்தியையும் வெட்டினேன். அதை வெட்டத்தான் அதிக நேரம் எடுத்தது. கடைசியில் நின்றது ஒன்றரைப் பக்கம். சுருக்கம் இது: ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள். பின்வரிசை நல்ல பின்வரிசை. கழகத்தின் நடு முன்னணி ஆட்டக்காரர் கடைசி ஆட்டத்தில் தந்தது போன்ற ஒரு பந்தை முதலாவது இடத்தில் இருப்பவர்களும் தரவில்லை. அதை வீணாக்கியவர் கண்ணாடி போட்ட ஒரு முதியவர். அவரை மைதானத்தில் இறக்கியது மாபெரும் தவறு. அவருக்காக ஓர் ஊரைத் தண்டிப்பது நியாயமல்ல.

'முதியவர்' என்று எழுதக் கை கூசியது. எழுதினேன்.

றெஜினா தோளுக்கு மேலால் வாசித்தாள். தம்பியைப் பற்றிய வரியைத் திரும்பவும் வாசித்தாள்.

"உங்கட பேரைப் போடுங்கோவன்."

போடவா? போட்டால், கோலை விட்டவன் கெஞ்சுகிறான் என்பார்கள். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. போடாவிட்டால், எங்களுக்காகப் பேச வெளியில் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று நினைப்பார்கள். லெஸ்லியும் அப்படியே நினைக்கட்டும்.

உறையை ஒட்டிவிட்டேன். பெயரில்லாமல்தான் போடுகிறேன்.