ஓட்டை அடைபட்ட குருவி

ஏப்ரல் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் நான் எதை ஆரம்பித்தாலும் "அப்புறம் பேசலாம்டி" என்கிறாய். அதனால் கடிதம். இதில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கமாட்டேன்.

நீ உன் ஆய்வகத்திலிருந்து அனுப்பிய மண்குருவியின் நகல் வந்து சேர்ந்தது. அகழாய்வில் கிடைத்த குருவியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அவற்றைக் கம்ப்யூட்டரில் கோத்து, பிளாஸ்டிக்கில் அச்சடித்தது என்று அப்பாவுக்கு விளக்கினேன். "உங்கம்மா அங்க பொம்மை பண்ணவா போனா?" என்றார். ஆனால் அதைத் தன் மேஜைமேல்தான் வைத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். நீ அப்பா போனுக்கு அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி, வயிற்றில் இன்னொன்று. நகலில் இரண்டு இடமும் வழவழவென்று இருக்கின்றன. "அழுக்கா இருக்கும், விடு" என்றார் அப்பா. அழுக்கு எப்படி அவ்வளவு வட்டமாக இருக்கும்? நீ அறிக்கையில் 'விளையாட்டுப் பொம்மை' என்று போட்டிருக்கிறாய். அது ஊதலாக இருந்தால்?

உன் பூதக்கண்ணாடி

ஏப்ரல் 9

என் செல்லப் பூதக்கண்ணாடிக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

குருவியை எங்கள் அதிகாரியும் பார்த்துவிட்டார், பொம்மைதான். மாதக் கடைசியில் அது கிடைத்த ஊரின் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுவோம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும், பிறகு யாரும் தொட முடியாது. நீ பரீட்சைக்குப் படி. மற்றதை அப்புறம் பேசலாம்.

அம்மா

ஏப்ரல் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்திலும் 'அப்புறம்' வந்துவிட்டது.

களிமண்ணில் இரண்டு குருவி செய்தேன். ஒன்று முழுக்கக் கெட்டி, இன்னொன்று உள்ளே காலி, வெறும் கூடு, வாலிலும் வயிற்றிலும் ஓட்டை. இரண்டாவதை ஊதினேன். காற்றுதான் வந்தது. அப்பாவும் ஊதிப் பார்த்துவிட்டு, "உன் குருவிக்குத் தொண்டை கட்டியிருக்குடி" என்றார். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

ஆனால் கூடாக இருந்தது லேசாக இருந்தது. உன் குருவி கையில் எப்படி இருக்கிறது? அனுப்பிவிட்டால் அது பொம்மையாகவே இருந்துவிடும். ஒரே ஒரு தடவை எடுத்துப் பாரேன், அம்மா.

உன் பூதக்கண்ணாடி

ஏப்ரல் 20

என் கண்ணுக்கு,

எடுத்துப் பார்த்தேன். அந்த அளவுக் குருவிக்கு எடையே இல்லை. பிறகு கம்ப்யூட்டர் முதலில் கோத்த உருவத்தைத் திறந்தேன். வாலிலும் வயிற்றிலும் ஓட்டை!

இருட்டான பள்ளத்தைக் கேமரா சரியாகப் பார்க்காது. கம்ப்யூட்டர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். அச்சடிப்பதற்குமுன் 'ஓட்டைகளை அடை' என்று ஒரு பட்டனை அழுத்துவோம். எல்லாப் பொருளுக்கும் அப்படித்தான், கை தானாகவே போகும். இதற்கும் போனது.

எக்ஸ்ரே எடுத்தோம். உள்ளே கூடு, ஓட்டைகளின் ஆழத்தில் பழைய மண் இறுகியிருக்கிறது. அதிகாரி, "இது யாருக்கும்மா தோணுச்சு?" என்றார். "என் பொண்ணுக்கு சார், மூணு வாரமா கத்திக்கிட்டிருந்தா" என்றேன். மூன்று வாரம் ஆகவில்லைதான். உன்னைப்போல எனக்கு உண்மை எழுத வராது.

குருவி போவது தள்ளிப்போயிருக்கிறது. உள்கூட்டோடு புது நகல் தயார். நான் ஊதவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.

அம்மா

மே 3

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் ஆய்வகத்தில் நீ என்னிடமிருந்து நாலடி தள்ளித்தான் நிற்கிறாய். நான் பேசினால் கை ஆடுகிறது, கை ஆடினால் மேஜை ஆடுகிறது என்று வாயை மூடச் சொன்னதால் எழுதுகிறேன். உன் பையில் போட்டுவிடுவேன்.

காலையில் நகலை ஊதியபோது முதலில் வெறும் காற்றுதான். வயிற்று ஓட்டையை மூடியிருந்த என் விரலைப் பிடித்து நீ கொஞ்சம் தள்ளி வைத்தாய். உடனே அப்படி ஒரு சத்தம்! வாசல் காவலர் எட்டிப் பார்த்து, "உள்ள குருவி புகுந்துடுச்சா? யாரும் சொல்லவேயில்லயே?" என்றார். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். நீ மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை ஊது" என்றாய். அப்புறம் என்று சொல்லவில்லை.

இப்போது நிஜக் குருவி மேஜைமேல் இருக்கிறது. ஒளிக்கோடுகளை விழவைத்து அளக்கும் கருவியால் ஓட்டைகளை மட்டும் மறுபடி பதியப்போகிறாய். அதற்கு அறை இருட்டாக வேண்டுமாம். "எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்று என்னைக் கேட்கிறாய். வாலைக் காட்டினேன்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும், ஆனால் விளக்கை அணைத்துவிட்டாய். அதை அப்புறம் பேசலாம்.