காட்சிசாலையில் அப்பாவின் கும்பா

பிலாவிளை, தக்கலை வழி
கொல்லம் ஆண்டு 1110 கார்த்திகை

அன்புள்ள மகன் ராஜையனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் மூச்சும் நடமாட்டமுமாக இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இலங்கையில் அட்டன் தேயிலைத் தோட்டத்தில் நீ ஒரு குறைவுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். இங்கே மழை விடவில்லை, மாடு வற்றிவிட்டது, உன் பெரியப்பா தங்கையனுக்கு முழங்கால் வலி. அதெல்லாம் கிடக்கட்டும், நம் வீட்டில் நடந்ததை வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

அப்பா இறந்தபிறகு நாம் காலி செய்து கொடுத்த சபை வீட்டை, அவர் ஞாபகமாகச் சபைக் கமிட்டிக்காரர்கள் காட்சிசாலை ஆக்கியிருக்கிறார்கள். அவர் அந்த வீட்டில் குடியிருந்து கீர்த்தனை எழுதிய காலமெல்லாம் ஒழுகுகிற கூரைக்கு ஒரு கட்டு ஓலை கேட்டால் பார்க்கலாம் பார்க்கலாம் என்றவர்கள், செத்தவருக்கு ஓடு போட்டிருக்கிறார்கள். எனக்கு அங்கே போக மனமில்லை. உன் தங்கை நேசம்மாளுக்கும் தக்கலை வாத்தியார் பையனுக்கும் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற விவாக ஓலையில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது, வேறு வீட்டுக்குப் போவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று அவள்தான் கேட்டாள், பிள்ளை ஆசையாகக் கேட்கிறாளே என்று போனேன்.

சுவரில் கீர்த்தனைகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள், பிடில் இருக்கிறது, மூக்குக்கண்ணாடி இருக்கிறது. கால் வலிக்கிறதே என்று அவர் நாற்காலியில் உட்காரப் போனேன், காவலுக்கு இருக்கும் ஏசுஅடிமை, அதில் யாரும் உட்காரக்கூடாது அக்கா என்றான். எத்தனை வருஷம் நான் தூசி தட்டிய நாற்காலி. அடுத்த அறையில் அவர் படுத்த மெத்தையையும் தலையணையையும் விரித்து வைத்திருந்தார்கள். அப்பாவுக்குச் சயரோகம் என்று நம் நாலு பேருக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார், மெத்தை எரிகிற புகையே ஊருக்குச் சொல்லிவிடும், அப்புறம் நம் பெண்ணை எவன் எடுப்பான் என்று பெரியப்பா அத்தனையையும் கட்டித் தன் வீட்டு மச்சில் போட்டார், ஊருக்குக் காய்ச்சல் என்றார். கமிட்டி கேட்டதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

ஜன்னல் பக்கம் ஒரே கூட்டம். ஞாயிறுப் பள்ளிப் பரீட்சை வருகிறதாம், கவிராயர் கஞ்சி குடித்த கும்பாவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் பிள்ளைகளுக்கு வேதவாக்கியம் மனதில் நிற்கும் என்று தாய்மார் வரிசையில் நிற்கிறார்கள். கோயிலில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் இராப்போஜனத் திராட்சரசம் குடித்துப் பழகிய சனம், இதிலும் ஒருத்திக்கும் கூச்சமில்லை. அந்தக் கும்பாதான் கடைசி மாதங்களில் அப்பாவின் கட்டிலடியில் இருந்தது. நேசம்மாளும் பார்த்துவிட்டாள், பேசாதே என்பதுபோல் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு பிள்ளை குடித்துவிட்டது, அதன் பின்னால் நின்ற சின்னப் பெண் வாயை வைக்கப் போனாள். நான் கையை உதறிக்கொண்டு, "குடிக்காதே மக்கா. அவிய ரத்தம் துப்பின கும்பாவாக்கும் இது. அவியளுக்குச் சயரோகம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. போதகர் அதை விட்டுவிட்டு வேறு அறிவிப்புக்குப் போனார், சபை முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. இராப்போஜனத்துக்கு நாங்கள் முழங்காலிட்டபோது பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. கமிட்டியார் மெத்தையை எரித்துவிட்டு, கீர்த்தனைகளை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிட்டாய் என்கிறார் பெரியப்பா. அந்தச் சின்னப் பெண்ணை நினைத்தால் நான் சொன்னது சரிதான், ஆனால் நேசம்மாள் தலைகூட வாராமல் இருப்பதைப் பார்க்க நெஞ்சு வெடிக்கிறது. அவள் என்னோடு பேசுவதில்லை. நீயாவது அவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். போன கடிதத்தில் இருமல் விடவில்லை, மலைக்குளிர்தான் என்று எழுதியிருந்தாய். இதைப் படித்ததும் தோட்டத்து டாக்டரிடம் போ. அப்பா எதில் இறந்தார் என்று அவர் கேட்பார். காய்ச்சல் என்று சொல்லாதே.

உன்னைப் பெற்றவள்
ராஜபாய்