மேனகா கையில் இரும்பு

செம்மேடு,
18.9.2005

மேனகாவின் அப்பாவுக்கு, சுகுணா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பெங்களூர்ச் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

உங்கள் கடிதம் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சேலத்தில் எடுத்த மேனகாவின் மூளை அலைப் பதிவை உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும் என்று இணையத்தில் விட்டிருக்கும் பதிவுகளைப் பார்த்துப் பழகிய உங்கள் நிரல், அவள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நிமிடத்தை வலிப்பு என்று காட்டுகிறதாம். தூக்கத்திலும் வருகிறது, மாத்திரையைக் கூட்டும்படி டாக்டரிடம் பேசப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது கொடுக்கும் மாத்திரைக்கே பிள்ளை வகுப்பில் தலை தொங்கி உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கூட்டினால் என்ன ஆவாள்? கூட்டாமல் விட்டால் என்ன ஆவாள்? இரண்டுமே பயமாக இருக்கிறது.

நேற்று உங்கள் அப்பா பக்கத்து வீட்டுப் பொன்னாயி அக்காவிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். சேலத்தில் பதிவு நடக்கும்போது நான் மருந்து வாங்க வெளியே போனேன் அல்லவா, அப்போது தூங்கும் பிள்ளையின் இமை துடித்ததாம். வலிப்பு வருகிறது என்று பயந்து, மடியில் இருந்த மிளகுக் கொட்டகைச் சாவியை அவள் கையில் திணித்து, அழுத்தி ஆட்டிக்கொண்டே இருந்தாராம். "நாந்தான் கண்ணு இரும்பக் குடுத்து நிறுத்துனேன், இல்லீனா புள்ள கதி என்னாயிருக்கும்" என்றார். பதிவு எடுத்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லையாம்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த வெளிநாட்டு நோயாளிகள் கையில் யார் சாவியைத் திணித்து ஆட்டியிருப்பார்கள்? நிரல் எழுதும் மொழிக்கே மலைப்பாம்பின் பெயர், பைதான் என்று போன முறை பெருமையடித்தீர்களே, அதற்கு நம் மலை வைத்தியம் எங்கே தெரியப்போகிறது! ஆட்டிய ஆட்டத்தில் தலையில் ஒட்டிய வயர்கள் அசைந்து அந்தக் கோடுகள் வந்திருக்குமா? எனக்குத் தெரியாது. இமை துடித்தது நிஜ வலிப்பாகவும் இருக்கலாம். டாக்டரிடம் பேசும் முன் அந்த நிமிடத்தை இன்னொரு முறை பாருங்கள். என் மனசைத் தேற்றுவதற்காக ஒன்றும் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மாமாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பேத்தியைக் காப்பாற்றிவிட்டோம் என்று இப்போதுதான் வயிறாரச் சாப்பிடுகிறார். அவர் காதில் விழக்கூடாது என்றுதான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

அறப்பளீசுவரர் உங்களையும் பிள்ளையையும் காக்கட்டும். எப்படியும் பதிவை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். யாரும் அவளைத் தொடக்கூடாது என்று மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் அவள் இமை துடித்தால் நானே தொடாமல் நிற்பேனா என்பதுதான் தெரியவில்லை. அன்றைக்கு நீங்கள் எப்படியாவது சேலம் வந்துவிடுங்கள். என் கை இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
சுகுணா