லிங்கனில் அப்பா அடித்த மணி

என் ஆசை அப்பாவுக்கு, கிழக்கேகோட்டை முழுக்க 'லிங்கன் மாமா' என்று பேர் வாங்கிய அப்பாவுக்கு,

இங்கிலாந்தில் உன் லிங்கனுக்குப் போய்விட்டு வந்தேன். ஆறு வாரம் இருந்தேன். என் மகள் மீனுவுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு ஊரில் இடம் கிடைத்தும், தாத்தா இருந்த ஊர்தான் வேண்டும் என்று பிடிவாதமாகப் போனாள். அவள் எப்போதும் உன் கட்சி. நான்தான் இல்லை.

ஊர் நீ சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. ரயிலடி கீழே, கதீட்ரல் உச்சியில், நடுவில் அந்தக் கல் பாவிய மேட்டுத் தெரு. கல்லாறிலிருந்து பொன்முடி மலை ஏறும் பஸ் மாதிரி முக்கி முனகி ஏறினேன். பாதியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே மூன்று கோபுரம். பத்மநாபசாமி கோபுரத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவளுக்குக் கோபுரம் புதிதா? ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மீனு அந்த மேட்டில் தினமும் ஏறி இறங்குகிறாள். வந்தவர்களெல்லாம் நின்று போட்டோ எடுக்கும் தெருவில் அவள் கறிகாய்ப் பையோடு போகிறாள். முருங்கைக்காய் கிடைக்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையில் கேட்கிறாளாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டர்பைன் பயிற்சிக்காக ஒரு வருஷம் அங்கே இருந்தபோது கதீட்ரலில் மணி அடித்ததாகச் சொல்வாய். வட்டமாக நின்று ஆளுக்கொரு கயிறு. பாட்டு கிடையாது, கணக்குதான். எந்த மணிக்குப் பின்னால் எந்த மணி என்ற வரிசை ஒவ்வொரு சுற்றிலும் மாறும், என்பாய். நமக்கு மணி என்றால் சந்நிதியில் எம்பி ஒரு தட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டால் முடிந்தது. பட்டை பட்டையாக விபூதி இட்ட மனுஷனைச் சர்ச்சில் யார் மணி அடிக்க விடுவார்கள்? கூடமே சிரிக்கும்.

உன் அறுபதாம் கல்யாணத்தில் நான் மைக்கைப் பிடித்தேன். "எங்கப்பா லிங்கன்ல எஞ்சினியரா இருந்தாரா, மணியடிக்கற பியூனா இருந்தாரான்னு இன்னிவரைக்கும் எங்களுக்குத் தெரியலை" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் பதினோரு வருஷம், போய்ச் சேரும்வரை, லிங்கன் என்ற பேச்சையே நீ எடுக்கவில்லை. வயசாகிவிட்டது, மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேனா?

மணி அடிப்பவர்கள் அங்கே வாரம் ஒரு சாயங்காலம் கூடிப் பழகுகிறார்கள். மீனு கேட்டு வைத்து என்னைக் கூட்டிப்போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுழல்படி ஏறினேன். பொறுப்பில் இருந்தவள் ஜோன், எழுபது வயது, தபால் கொடுத்து ரிட்டயரானவள். உன் பேரைச் சொன்னேன். சுவரில் பலகை பலகையாகப் பேர்கள். கழுத்து வலிக்கத் தேடினேன். நீ இல்லை.

மணிக்கணக்கில் நிற்காமல் அடித்தவர்கள் பேர்தான் பலகையில் ஏறுமாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு நாக்கைக் கட்டிய மணிதானாம். மணி சுழலும், சத்தம் வராது, ஊருக்குத் தொந்தரவில்லை. "உன் அப்பா பெரும்பாலும் அதைத்தான் அடித்திருப்பார்" என்றாள் ஜோன். அப்படியானால் ஆதாரம் என்று எடுத்துவர எனக்கு ஒன்றுமே இல்லை.

பிறகு அவள் ஒரு கயிற்றை என் கையில் கொடுத்தாள். இழுத்தேன். விட மறந்துவிட்டேன். கயிறு மேலே போன வேகத்தில் என் குதிகால் தரையை விட்டு எழும்பியது. ஜோன் கத்திக்கொண்டே பாய்ந்து பிடித்தாள். அந்த நிமிஷம் நீ கண் முன்னால் வந்தாய். கூடத்தில் துண்டைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு, "சமயத்துல விடலேன்னா ஆளையே தூக்கிடும்" என்று குதிகாலை எழுப்பிக் காட்டுவாயே, நாங்கள் உருண்டு சிரிப்போமே! கயிற்றைத் தொடாத மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்று அழுதேன் அப்பா.

போன மாதம் உன் திவசத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு ஆனதும் எழுந்து நின்றேன். "அப்பா சொன்னதெல்லாம் நிஜம். மண்டபத்துல நான் பேசினதுதான் தப்பு" என்றேன். உன் தம்பி, என் சித்தப்பா, என்னை ரேழிக்குக் கூப்பிட்டார்.

"கேட்டியோ, உங்கிட்ட சொல்லப்படாதுன்னு இருந்தேன். அன்னிக்கு எல்லாரும் போனப்பறம் அண்ணா மாலையைக் கழட்டிண்டே கேட்டான், 'ஏண்டா, நான் புளுகறேன்னு அவளும் நினைக்கறாளா?'ன்னு. நான் மாலையை வாங்கி வச்சுட்டு வெளில வந்துட்டேன்."

பதினோரு வருஷம் அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டா என் கையால் காப்பி வாங்கிக் குடித்தாய்? என்னிடமே கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன். அது பொய் என்று உனக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் இங்கே, நாலு பேர் படிக்கும்படியாகவே பதில் எழுதுகிறேன். ஆமாம் அப்பா, நினைத்தேன். மன்னித்துவிடு.

அடுத்த மே மாதம் மறுபடி போகிறேன். கற்றுத்தருகிறேன் என்று ஜோன் சொல்லியிருக்கிறாள். இந்த வயசில் இது என்ன ஆசை என்று அங்கே யார் கேட்டாலும், எங்கப்பா இங்கேதான் கற்றுக்கொண்டார் என்று சொல்வேன். சத்தியம்.

உன்னை நம்ப இவ்வளவு நாளான உன் ஒரே பெண்,
ராஜி