பிரிஜெட்டுக்கு ஐந்து, பிள்ளைக்கு ஐந்து

1946 ஜூன் 14

பிரிஜெட் முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதமாம். சாயங்காலம் மதராஸ் தபாலோடு டக்கோட்டா விமானத்தை இறக்கும்போது தொண்ணூறு மைல் வேகத்துக்குப் பதில் நூறு வைத்தேன். வேகம் குறைந்தால் விமானம் கல்லாட்டம் விழும். அந்தப் பயத்தில் விமானிகள் சிலர் வீட்டுக்காரிக்கு ஐந்து, பிள்ளைக்கு ஐந்து என்று கூட்டிக்கொள்வதுண்டு. பிரிஜெட்டுடைய ஐந்தைக் கல்யாணம் ஆனதிலிருந்தே கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னோடு பறக்கக் கற்ற யூஜின், இப்போது ஃப்ளையிங் கிளப்பில் வாத்தியார், கேட்டுவிட்டுச் சிரித்தான். "பத்துப் பெத்தேன்னா உனக்கு ரன்வே பத்தாதுடா." பிள்ளைக்கு ஞானத்தகப்பன் நீதான் என்றேன். உடனே ஒத்துக்கொண்டான்.

ஜூலை 30

மழை. மழைக்கும் ஓர் ஐந்து. பக்கத்து சீட்டில் துணை விமானி டென்சில் வேகமுள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சின்னவன், என்ன சொல்லுவான்.

செப்டம்பர் 19

எப்படி எழுதுவது.

எனக்கு முன்னால் யூஜின் தன் சின்ன விமானத்தில் தனியாக இறங்கிக்கொண்டிருந்தான். அது அறுபதில் வரும், ரேடியோவும் கிடையாது. இடைவெளி போதும் என்றுதான் நினைத்தேன். தொண்ணூறில் வந்திருந்தால் போதும்தான். மழைக்கான ஐந்தையும் சேர்த்து நான் நூற்றைந்தில் வந்தேன்.

"சார், மேலே தூக்கி ஒரு ரவுண்டு சுத்தி வந்துடலாமா?" என்றான் டென்சில்.

"இருடா, இடம் இருக்கு."

யூஜினின் சக்கரம் அப்போதுதான் தரை தொட்டது. திரும்பிப் பார்த்தான். ஏன் பார்த்தான்? பார்க்காமல் என்ன செய்வான், முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய இரைச்சல். வழிவிட்டுப் புல்லுக்குள் திருப்பினான். மழைநீர்க் கால்வாயில் சக்கரம் இறங்கிக் குப்புறக் கவிழ்ந்தது. நான் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போனேன். எனக்கு ஒரு கீறல் கூட இல்லை.

செப்டம்பர் 22

யூஜினின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 8

விசாரணை. இறங்கும்போது என்ன வேகம் என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் டென்சில், "நைன்ட்டி, சார்" என்றான். எனக்காகத்தான் சொன்னான். நான் மறுக்கவில்லை. யூஜின் வீணாகப் பதறி ஓரம் கட்டினான் என்று எழுதிவிட்டார்கள். கவனக்குறைவானவனை வகுப்பெடுக்கக்கூட வைத்துக்கொள்ள மாட்டோம் என்கிறது கிளப். ஒற்றைக்காலோடு அவன் வேறு எந்த வேலைக்குப் போவான்?

வீட்டுக்கு வந்தேன். பிரிஜெட் தட்டில் சோறு போட்டாள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 20

இன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போக மனம் துணிந்தது. யூஜினின் மனைவி கேத்தரின் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தான். பிறகு கேட்டான்.

"பிரிஜெட்டுக்கு அஞ்சு. பாப்பாவுக்கு அஞ்சு. எனக்காக எவ்வளவுடா குறைச்சே?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பாவி. என்னையும் சேர்த்து என் வீட்டார் மூன்று பேரையும் பத்திரமாக இறக்கிக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் போகிறவனுக்கும் ஒரு வீடு இருக்கிறதென்று ஒரு நாளாவது நினைத்தேனா?

நவம்பர் 4

விசாரணைக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நூற்றைந்து. டென்சிலை விட்டுவிடுங்கள், மூத்தவன் நான் என்றேன். பிரிஜெட்டிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். "போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்பவாவது நல்லாத் தூங்குவீங்க" என்றாள். விசாரணை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னதால் கால் வந்துவிடுமா?

டிசம்பர் 2

என் லைசென்ஸ் போயிற்று. தவறு யூஜினுடையது அல்ல என்று அறிக்கையைத் திருத்திவிட்டார்கள்.

1947 ஜனவரி 12, ஞாயிறு

எங்கள் ஷூலே பங்குக் கோயிலில் பையனுக்கு ஞானஸ்நானம். யூஜினைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. பிரிஜெட் என்னிடம் கேட்காமலே அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டான். கேத்தரினும் வந்தாள், என்னோடு பேசவில்லை. நாளையிலிருந்து கிளப்பில் வகுப்பெடுக்கிறானாம். நான் நாளைக்கும் ஷெட்டில் தபால் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டப் போகவேண்டும்.

ஞானத்தகப்பன் பிள்ளையை ஏந்தவேண்டும். அவனுக்கு இரண்டு கையும் கட்டையில். சாமியார் என்னை ஏந்தச் சொல்லி, அவன் ஒரு கையைப் பிள்ளைமேல் வைத்தால் போதும் என்றார். ஏந்திக்கொண்டு போனேன். அவனை நெருங்க ஓர் எட்டு இருக்கும்போதே என் கால் நின்றுவிட்டது. ஒரு கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினான். எட்டவில்லை.

"இன்னும் கிட்ட வாடா," என்றான் யூஜின்.